மூணு சதவீதம்

மூணு சதவீதம்னு டாக்டர் எப்சிபா சொன்னப்ப, சரிங்க டாக்டர்னு தலையை ஆட்டிட்டு எந்திரிச்சு வந்துட்டேன், கிறுக்கி மாதிரி, பஸ் எத்தனை மணிக்குன்னு யாரோ சொன்னதைக் கேட்டுக்கிட்ட மாதிரி. படியிறங்கி, ரோட்டைத் தாண்டி, சந்துக்குள்ள திரும்பி, செருப்பை வாசல்ல விட்டுட்டு, கையை முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, அரிசியும் பாசிப்பருப்பும் களைஞ்சு குக்கர்ல வச்சு, அடுப்பைப் பத்த வச்ச பெறகுதான் எனக்குக் கேள்வியே வருது. என்ன மூணு? எதுல மூணு? மூர்த்தி உடம்புல இப்ப ஓடுற ரத்த அணுவுல என்னோடது எவ்வளவு, அவனோடது எவ்வளவுன்னு பாக்க டெஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தாங்க. அதுல என்னோடது மூணு. நூறு இருக்கணும். நூறு இல்லாட்டி தொண்ணூத்தஞ்சாவது இருக்கணும். ஒட்டலைங்க செண்பகவல்லி, அப்படின்னாங்க. என் பேரை முழுசாச் சொல்லி, மேஜை மேல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு, 'நீங்க குடுத்த அணு வந்துச்சு, கொஞ்ச நாள் இருந்துச்சு, இப்ப இல்லை.' இல்லைன்னா எங்க போச்சு? கேட்டிருக்கணும். எங்க டாக்டர் போச்சுன்னு மேஜையைத் தட்டிக் கேட்டிருக்கணும். ரேஷன் கடையில அரை கிலோ சீனி குறைஞ்சா அந்தத் தெருவே கேக்குற மாதிரி சண்டை போடுறவ நான். இதுக்கு வாயைத் திறக்கலையே. மணி பத்தேகால். பன்னண்டு மணிக்கு அவனுக்குச் சோறு போகணும்.

கழுகாசலமூர்த்தி என் தம்பி. எனக்கு ஏழு வயசு எளையவன். கோவில்பட்டி டெப்போவுல கண்டக்டர், எட்டயபுரம் ரூட்டு, படிக்கட்டுல நிக்கிற காலேஜ் பிள்ளைகளை உள்ள தள்ளுறதுக்கே பொறந்த குரல் அவனுக்கு. போன வருஷம் ஆடியில ஒரு நாள் பல்லு விளக்குறப்ப ரத்தம் வந்துச்சு, வந்தது நிக்கலை. தொடையில அடிபடாமலே நீலம் நீலமாக் கெடந்துச்சு. ரத்தப் புத்துநோய்னாங்க. மூணு ரவுண்டு கீமோவுல அடங்குச்சு, ஆனா அடங்குனது திரும்ப வரும், வராம இருக்கணும்னா அவன் எலும்பு மஜ்ஜையை மருந்து விட்டு மொத்தமா அழிச்சுட்டு, கூடப் பொறந்தவங்க உடம்புல இருந்து அணுவை எடுத்து ஏத்தணும்னாங்க. கூடப் பொறந்தது நான் ஒருத்தி. நாலுல ஒரு வாய்ப்புதான் பொருந்தும்னாங்க, பாத்தா பத்துக்குப் பத்து பொருத்தம். எங்கம்மா மூக்கைச் சிந்திக்கிட்டே சிரிச்சா, 'ஒனக்கு மாப்பிள்ளை பாக்கையிலகூட ஏழு பொருத்தம்தான்டி கூடி வந்துச்சு.' பத்துக்குப் பத்து இருந்தும் ஒட்டலை. நூத்துல மூணு நாலு பேருக்கு இப்படி ஆகுமாம். அந்த மூணு நாலுக்குள்ள நாங்க எதுக்குப் போய் நிக்கணும்? அங்கயும் மூணு, இங்கயும் மூணு. அவனோடதை அழிச்சாச்சு. என்னோடது நிக்கலை. அப்ப இப்ப அவனுக்குள்ள என்னதான் இருக்கு? ஆத்தாடி, என்னதான் இருக்கு அவனுக்குள்ள? இன்னைக்குக் காலையில வெள்ளணு கவுண்ட்டு நூறு. நாலாயிரம் இருக்க வேண்டிய இடத்துல நூறு. ஒரு சளி வந்தாத் தாங்காது. ஒரு ஈ உக்காந்த சோத்தைத் தின்னாத் தாங்காது. அதுக்குத்தான் இந்தக் குக்கர். அவனுக்கு எது குடுத்தாலும் குக்கர்ல விசில் வந்த பெறகு இருபது நிமிஷம் வேகணும், போட்டுக் குடுக்கிற டப்பாவும் மூடியும் தனியா ஆவியில வேகணும், மூடுன டப்பாவை அவன் ரூம்லதான் திறக்கணும். தாளிக்கக் கூடாது. கருவேப்பிலை கூடாது. மோர் கூடாது. முப்பத்தொரு நாளா இதே வேலை.

விசில் வந்துருச்சு. மணியைப் பாக்கணும். பத்து இருபத்தெட்டு, பத்து நாப்பத்தெட்டு வரைக்கும். வாசப்பக்கம் நஸ்ரீன் வர்ற சத்தம் கேக்குது. ஆம்பூர்க்காரி, வீட்டுக்காரருக்கு இதே வியாதி, இதே ஆஸ்பத்திரி, அணு ஏத்தி இன்னைக்கு அவருக்குப் பதினோராம் நாள். ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விடுற இந்த வீட்டுல நாலு குடும்பம், நாலு ரூம், ஒரே அடுப்படி. காலையில ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாத்ததும் சாப்டாச்சான்னு யாரும் கேக்க மாட்டோம், கவுண்ட்டு எவ்வளவுன்னுதான் கேப்போம். யாருக்கு மூணு நாள் தொடர்ந்து ஐநூறைத் தாண்டுதோ அவங்க வீட்டுல எல்லாருக்கும் கேசரி கிண்டணும், அது இந்த அடுப்படி வழக்கம், எங்களுக்கு முன்ன இருந்தவங்க வச்சுட்டுப் போனது. நானும் கிண்டுனேன். பதினேழாம் நாள் அறுநூறு, பதினெட்டு தொள்ளாயிரம், பத்தொம்பதாம் நாள் ஆயிரத்தி நானூறு. நெய்யை ஊத்து ஊத்துன்னு ஊத்துனேன். நஸ்ரீன் ரெண்டு தரம் வாங்கித் தின்னுட்டு, 'அக்கா, உங்க கை ராசியை எனக்கும் குடுங்க'ன்னு என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. இருபத்தஞ்சாம் நாள் எழுநூறுக்கு இறங்குச்சு, மருந்தாலயும் இறங்கும்னாங்க. இருபத்தெட்டாம் நாள் இருநூறு. அதுக்குப் பெறகு இவளுக்கு நான் சரியாப் பதில் சொல்லலை. இந்தா வந்துட்டா, அலுமினியச் சட்டியை வச்சுக்கிட்டு, 'எவ்வளவுக்கா இன்னைக்கு?' என்னத்தைச் சொல்ல? அவளுக்கு இன்னும் கவுண்ட்டே ஆரம்பிக்கலை. 'பரவால்லை நஸ்ரீன், ஓடுது'ன்னேன். ஓடுது! எங்க ஓடுது? அவ என் மூஞ்சியையே பாத்தா. முப்பது நாள் சேர்ந்து சமைச்சவளை ஏமாத்த முடியுமா? எதுவும் கேக்காம என் அடுப்புத் தீயைக் கொஞ்சம் குறைச்சு வச்சுட்டுப் போயிட்டா. அவளுக்கும் பயம். எங்கிட்ட நின்னா எங்க ராசி ஒட்டிக்கிருமோன்னு பயமாக்கூட இருக்கும். இருக்கட்டும், நானா இருந்தாலும் பயப்படுவேன்.

கவுண்ட்டு ஏறி நின்ன அந்தப் பத்து நாள்ல அவன் பண்ணுன அழிச்சாட்டியம் கொஞ்சமா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், நடுவுல ஒரு போன். 'யக்கா, கத்திரிக்காயைப் பாத்தாலே குமட்டுது, எனக்கு உசுரு கத்திரிக்காய்னா, எல்லாம் ஒன் ரத்தம் பண்ணுற வேலை.' 'யக்கா, இன்னைக்கு ஜின்சி சிஸ்டரை வஞ்சுட்டேன், நாலு தரம் குத்துனா, நான் யாரையாவது வையிற ஆளா? ஒன் வாயி எனக்கு வந்துருச்சு.' ஏலே, என் வாயி வந்தா நீ பொழைச்சுக்கிருவ, ஒன் பொண்டாட்டிதான் பாவம்னேன். தலையில ஒத்த முடி இல்லாம, புருவம்கூட இல்லாம, வாயெல்லாம் புண்ணு, அவ்வளவு சிரிப்பு. அவன் ரத்தம் ஓ, என்னோடது பி. இன்னும் கொஞ்ச நாள்ல அவனுக்கும் பி ஆயிரும்னாங்க. 'இனிமே நான் ஒன் தம்பி இல்ல, தங்கச்சி'ன்னான். அப்ப நெசமாவே என்னோடது அவனுக்குள்ள இருந்திருக்கு. பத்து நாள் இருந்திருக்கு. ஆயிரத்தி நானூறும் என்னோடதுதானாம், டாக்டரே சொன்னாங்க. இருந்துட்டுப் போயிருச்சு. கொஞ்சம் இருந்துட்டு, போதும்னு கிளம்பிப் போயிருச்சு. யாரு மாதிரி? என்னை மாதிரி. என் அணு வேற யாரு மாதிரி இருக்கும்?

வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். பத்து நாப்பது. இன்னும் எட்டு நிமிஷம். டப்பாவை ஆவியில வைக்கணும். நினைக்க வேண்டாம்னா நினைப்பு கேக்குதா? அஞ்சு நாள் ஊசி போட்டாங்க எனக்கு, மஜ்ஜையில இருக்கிற அணுவை ரத்தத்துக்குக் கொண்டு வர. இடுப்பெலும்பு, நெஞ்செலும்பு எல்லாம் உளைச்சல். அதைத் தாங்கிட்டேன், ரெண்டு பெத்தவ. ஆறாம் நாள் மெஷின்ல மாட்டுறப்ப என் கை நரம்பு சரியில்லைன்னு கழுத்துல குழாய் போட்டாங்க. ரத்தத்தை வெளிய எடுத்து, வேண்டியதை வடிச்சுக்கிட்டு, மிச்சத்தைத் திருப்பி உள்ள விடுற மெஷின். அஞ்சு மணி நேரம். ரெண்டு மணி நேரத்துல உதடு குறுகுறுங்குது. விரல் தானா மடங்குது, பிரிக்க முடியலை. மலையாளத்துக்காரி ஜின்சி ஓடி வந்து கால்சியம்தான் குறையுது சேச்சி, இப்ப சரியாகும்னு மருந்து ஏத்துனா, சரியாயும் போச்சு. ஆனா அந்தக் கொஞ்ச நேரத்துல நான் செத்துட்டேன்னு நினைச்சேன். ஊர்ல இருந்து கிளம்புறப்ப எங்க வீட்டுக்காரர் தடுக்கலை, ஆனா பஸ் ஏத்தி விட்டுட்டு ஜன்னல் பக்கம் வந்து, 'நமக்கும் ரெண்டு பிள்ளை இருக்கு, பாத்துக்கோ'ன்னார். அந்த வார்த்தை அந்த மெஷின் சத்தத்தோட சேர்ந்து ஓடிக்கிட்டே கெடந்துச்சு. சாயங்காலம் டாக்டர் எப்சிபா வந்தாங்க. எடுத்ததை எண்ணிப் பாத்துருக்காங்க. 'அவர் எடையில ஒரு கிலோவுக்குக் குறைஞ்சபட்சம் ரெண்டு மில்லியன் அணு வேணும், உங்களுக்கு ரெண்டே முக்கால் வந்திருக்கு. போதும். நாளைக்கும் ஒரு தடவை எடுத்தோம்னா நாலு, அஞ்சுன்னு சேரும், இன்னும் தைரியமா இருக்கலாம். கட்டாயம் இல்லை. உங்க விருப்பம்தான்.' நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. 'போதும்னா விட்டுருங்க டாக்டர்'னேன். இந்தக் குழாயை இப்பவே எடுத்துருங்கன்னேன். எடுத்துட்டாங்க.

போதும்னு சொன்னது நான். அம்மாகிட்டப் போன்ல என்ன சொன்னேன்? டாக்டரே போதும்னுட்டாங்கம்மான்னேன். அது பொய்யும் இல்லை, நெசமும் இல்லை. எங்கம்மா சும்மா இருந்தாளா? ஊரெல்லாம் சொல்லிட்டா, ரெண்டு நாள் எடுக்குறதை என் மக ஒரே நாள்ல குடுத்துட்டான்னு. என் தையல்கடைக்கு வர்ற பொம்பளைகள்லாம் போன் பண்ணி, ஒன்னைக் கும்பிடணும் செண்பகம்கிறாளுக. மூர்த்தியும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து, 'ஒரே நாள்ல முடிச்சிட்டியாமே, எம்புட்டு ஸ்ட்ராங்கு நீ'ன்னான். ஆமான்னு சிரிச்சேன். சிரிச்சேனே! இன்னைக்குக் காலையில டாக்டர் எதனாலன்னு சொல்ல முடியாதும்மான்னாங்க. வைரஸா இருக்கலாம், அவர் உடம்பே ஏத்துக்காம இருந்திருக்கலாம், பல காரணம். அந்தப் பல காரணத்துல என் காரணமும் இருக்கா டாக்டர்? கேக்கலை. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. அவங்க இருக்குன்னுட்டா? அவங்க இல்லைன்னாலும் எனக்காகச் சொல்றாங்கன்னு தோணும். ஒரு ராத்திரி தங்கியிருந்தா என்ன? ஒரு ராத்திரி, ஒரு பகல். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரமா? பிள்ளைகளைக் கொழுந்தியா பாத்துக்கிட்டா. கடையில தீபாவளிக் கூட்டமா? ஒரு மண்ணும் இல்லை. பயம். வெறும் பயம். ஜாக்கெட்டுக்கு அளவெடுக்குறப்ப ஒரு இஞ்சு கூடுதலா விட்டுத் தைப்பேன், பின்னால பிரிச்சு விடணும்னா வேணும்னு. தம்பி உசுருக்கு ஒரு இஞ்சு விடலை நான்.

பத்து ஐம்பது. அடுப்பை அணைச்சாச்சு. ஆவி அடங்கட்டும். டப்பாவை இடுக்கியால எடுத்து வச்சு, சோத்தைப் போட்டு, மூடுறதுக்கு முன்னால, அய்யய்யோ. உப்புப் பாத்துட்டேன். கரண்டி நுனியில எடுத்து, ஊதி, நாக்குல வச்சு, அதே கரண்டியைத் திரும்பச் சோத்துக்குள்ள விட்டுட்டேன். இருபது வருஷமா எந்தக் குழம்பை இறக்குனாலும் பண்ற காரியம். முப்பது நாள் பண்ணாம இருந்தேன், வாயைத் துணியால கட்டிக்கிட்டுச் சமைச்சேன், இன்னைக்கு அந்தத் துணியைக் கட்டவே மறந்திருக்கேன், பாரு. எந்த வீட்டுலயாவது அக்கா தம்பிக்கு உப்புப் பாக்குறது தப்பா? இங்க தப்பு. என் எச்சில் அவனுக்கு விஷம். என் ரத்தமும் நிக்கலை, என் எச்சிலும் ஆகாது. கொட்டு. அம்புட்டையும் கொட்டு. மறுபடி அரிசி, மறுபடி பருப்பு, மறுபடி டப்பா. இப்ப அரை மணி நேரம் பிந்தும். கொட்டுறப்ப அழுகை வரும்னு நினைச்சேன், வரலை. காலையில இருந்து வரலை. இனிமே இவ்வளவு சுத்தம் பாத்து என்ன ஆகப்போகுதுன்னு ஒரு நினைப்பு எட்டிப் பாக்குது. அடச் சீ, வாயைக் கழுவு. நூறு இருக்கிறவனுக்குத்தான் ஆயிரம் இருக்கிறவனைவிடச் சுத்தம் வேணும். துணியைக் கட்டு மொதல்ல.

போன் அடிக்குது. பேச்சி. மூர்த்தி பொண்டாட்டி. கைப்பிள்ளைக்காரி, அஞ்சு மாசம், அதான் ஊர்லயே இருக்கா. தெனமும் பதினோரு மணிக்குப் பிள்ளையைத் தூங்கப் போட்டுட்டுக் கூப்பிடுவா. எடுக்காம இருந்தா ஏதோன்னு பயந்துருவா. எடுத்தாலும் என்ன சொல்ல? எடுத்துட்டேன். 'மதினி, கவுண்ட்டு ஏறுச்சா?' சின்னக் குரல்ல, பிள்ளை முழிச்சிருமேன்னு. 'இன்னைக்கு டாக்டர் மத்தியானம்தான் பேசுவாங்க பேச்சி.' 'டெஸ்ட்டு இன்னைக்கு வரும்னீகளே.' எப்படி ஞாபகம் வச்சிருக்கா, பாருங்க. 'வந்ததும் சொல்றேன்.' 'மதினி.' 'என்ன?' 'நீங்க இருக்கீகன்னுதான் நான் இங்க நிம்மதியா இருக்கேன்.' வச்சுட்டா. சவத்த பய விதி. இதைச் சொல்றதுக்கு வேற நாள் கிடைக்கலையா அவளுக்கு? ஏட்டி, நான் இருந்த லட்சணம் ஒனக்குத் தெரியுமா? நான் ஒரு நாள் இருந்தேன். ஒரே ஒரு நாள்.

ரெண்டாவது விசில். இல்லை, மொத விசில்தான், ரெண்டாவது சமையல். பதினொண்ணு இருபத்தஞ்சு, பதினொண்ணு நாப்பத்தஞ்சு. டாக்டர் கடைசியாக் கேட்டதுக்கும் நான் பதில் சொல்லலை. 'இன்னொரு தடவை குடுக்க முடியுமா? வர்ற திங்கக்கிழமை ஊசி ஆரம்பிக்கணும், அதுக்கு மேல அவர் தாங்க மாட்டார்.' பலிக்குமான்னு கேட்டேன், அது ஒண்ணுதான் கேட்டேன். பத்துல மூணு நாலுன்னாங்க. இங்கயும் மூணு. 'வீட்டுல பேசிட்டு நாளைக்குச் சொல்லுங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு ரவுண்ட்ஸ் வர்றப்ப மூர்த்திகிட்ட நானே சொல்லிர்றேன். அதுக்கு முன்னால நீங்க சொல்லணும்னு நினைச்சாச் சொல்லலாம்.' வீட்டுல என்ன பேச? அவர் வேண்டாம்னு சொல்ல மாட்டார். சொல்லாமலே ஜன்னல் பக்கம் வந்து நிப்பார். குடுப்பேன், குடுக்காம என்ன? குடுப்பேன்னு நினைச்ச ஒடனேயே இந்தா, உதடு குறுகுறுங்குது. மெஷினும் இல்லை, ஒண்ணும் இல்லை, வெறும் அடுப்படியில நிக்கிறேன், உதடு குறுகுறுங்குது, விரல் மடங்குமோன்னு விரிச்சு விரிச்சுப் பாக்கிறேன். இப்படிப் பயந்தாங்கொள்ளியை வச்சுக்கிட்டு அவன் என்ன பண்ணுவான்? இந்தத் தடவையும் அஞ்சு மணி நேரத்துல, சாயங்காலம் அவங்க வந்து கேக்குறப்ப, என் வாயி என்ன சொல்லும்னு எனக்கே தெரியலையே. அதுதான் இப்ப பயம். ஊசி இல்லை, குழாய் இல்லை, என் வாயி. அவன்கிட்டச் சொல்லிட்டா? ஒட்டலைங்கிறதை டாக்டர் சொல்லிருவாங்க. ரெண்டாம் நாளை யாரு சொல்லுவா? நான் சொல்லாட்டி அது யாருக்கும் தெரியாது. ஆயுசுக்கும் தெரியாது. அவன் செத்தாலும் தெரியாது. அய்யோ, என்ன வார்த்தை வருது. எனக்கு மட்டும் தெரியும். அவன் படத்துக்கு மாலை போட்டுட்டு எல்லாரும் என்னைக் கும்பிடுவாக, ஒரே நாள்ல குடுத்தவன்னு.

பன்னண்டு. டப்பா சூடா இருக்கு, துணியில சுத்திப் பையில வச்சு, நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நடக்குறேன். ரோட்டுல கரும்புச்சாறு மெஷின் சலங்கையோட ஓடுது, மூணு பேரு வாங்கிக் குடிக்கிறாக, ஐஸ் போட்டு, கை கழுவாம. எப்படித்தான் குடிக்கிறாகளோ. என் காலு நடக்குது, நான் நடக்கலை. லிப்டுல நாலாவது மாடி. கை கழுவி, மேல சட்டை போட்டு, மூக்கு வாய் மூடி. ஜின்சி டப்பாவை வாங்குறப்ப மூடியை ஒரு தரம் தொட்டுப் பாத்து, 'லேட் ஆயல்லோ சேச்சி'ன்னா. அவளுக்குத் தெரியும், டெஸ்ட்டு அவளுக்கும் தெரியும், கண்ணு சொல்லுது. எட்டாம் நம்பர் கண்ணாடி. உள்ள உக்காந்திருக்கான், முழங்காலைக் கட்டிக்கிட்டு, ரெண்டு குழாய் நெஞ்சுல இருந்து தொங்குது. என்னைப் பாத்ததும் போனை எடுத்தான். நானும் எடுத்தேன். என்ன சொல்லப்போறேன்னு எனக்கே தெரியாம நிக்கிறேன், காதுல அவன் மூச்சு கேக்குது.

'யக்கா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? டெஸ்ட்டு வந்துருச்சா?'

'வந்துருச்சு.'

'எவ்வளவு?'

'மூணு.' சொல்லிட்டேன். 'ஒட்டலைடா மூர்த்தி. போயிருச்சாம். டாக்டர் ரெண்டு மணிக்கு வந்து சொல்லுவாங்க.'

கண்ணாடியில ஒரு இடத்தையே பாத்தான். பெறகு தலையைத் தடவிக்கிட்டே, 'பேச்சிக்குத் தெரியுமா?'ன்னான். இல்லைன்னேன். 'சொல்லாத. நான் சொல்லிக்கிறேன்'ன்னான். அந்தக் கண்டக்டர் குரல் எங்க போச்சோ, காத்துதான் வருது. இதோட நிறுத்திக்கிரலாம். இதோட நிறுத்திட்டு, சாப்பிடுடான்னு சொல்லிட்டுப் போயிரலாம். என் வாயி நிறுத்தலை.

'இன்னொண்ணு இருக்குடா. அன்னைக்கு ரெண்டாம் நாளும் எடுத்தா நல்லதுன்னாங்க. கட்டாயம் இல்லை, உங்க விருப்பம்னாங்க. நான்தான் போதும்னுட்டேன்.'

'டாக்டர் போதும்னாங்கன்னு சொன்ன.'

'நான் சொன்னேன். நான்தான் சொன்னேன்.'

'ஏன்க்கா?'

காலையில இருந்து அடுக்கி வச்சிருந்தேன், நரம்பு சரியில்லை, கழுத்துல குழாய், பிள்ளைக, கடை. ஒண்ணும் வரலை. 'பயமா இருந்துச்சுடா'ன்னேன். அவன் என்னைப் பாத்தான். இந்த முப்பத்தி நாலு வருஷத்துல அவன் என்னை அப்படிப் பாத்ததில்லை, முன்னப் பின்ன தெரியாத ஒரு பொம்பளை டிக்கெட் எடுக்காம ஏறி உக்காந்திருக்கிற மாதிரி. போனை வச்சுட்டான். வச்சுட்டு அந்தப் பக்கம் சுவத்தைப் பாக்கத் திரும்பிப் படுத்துட்டான். முதுகு எலும்பு சட்டைக்குள்ள வரிசையாத் தெரியுது. நான் போனைக் காதுலயே வச்சுக்கிட்டு நின்னேன். வஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். எந்தச் சாபம் விட்டாலும் வாங்கிக்கிட்டு நின்னிருப்பேன். ஒரு ஆயா தரையைத் துடைச்சுக்கிட்டே வந்து, காலை நகத்தும்மான்னா. நகத்துனேன். உள்ள ஜின்சி டப்பாவைக் கொண்டு போய் வச்சு, அவன் தோளைத் தொட்டு என்னமோ சொன்னா. அவன் அசையலை. எவ்வளவு நேரம்னு தெரியலை, அவன் முதுகு குலுங்குது, நிக்குது, குலுங்குது. என் கண்ணுல இருந்து தண்ணி மாஸ்க்குக்குள்ள இறங்குது, உப்புக் கரிக்குது. போயிரவா? போனா அன்னைக்குப் போன மாதிரிதான். நிக்கிறேன். கால் வலிக்குது, நிக்கிறேன்.

அப்புறம் அவன் எந்திரிச்சு உக்காந்தான். மூஞ்சியை டிஷ்யூவால துடைச்சான், ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனி டிஷ்யூ, இங்க சொல்லிக் குடுத்த மாதிரி. போனை எடுத்தான்.

'மறுபடி எடுக்கலாமாமா?'

'திங்கக்கிழமை எனக்கு ஊசி ஆரம்பிக்கணும்னாங்க. பத்துல மூணு நாலுதான்னாங்க.'

'குடுப்பியா?'

'குடுப்பேன்.' உதடு குறுகுறுங்குது. 'இப்பவும் பயமாத்தான் இருக்குடா.'

'இருக்கட்டும்.' குரல் உடைஞ்சு உடைஞ்சு வருது. கோவமும் இருக்கு அதுல, இன்னும் அடங்கலை. கண்ணாடிக்குக் கிட்ட வந்து, என் கண்ணையே பாத்துச் சொன்னான்: 'இந்தத் தடவ போதும்னு நீ சொல்லாதக்கா. அவங்க சொல்லட்டும்.'

'சொல்ல மாட்டேன்'னேன். அவன் போனை வச்சுட்டு டப்பா மூடியைத் திறந்தான்.